எழுந்து நிற்கச் சொல்லாத சனிக்கிழமை

ஜூன் 7, சனி

மருமகனை இன்று முதன்முதலாகச் சபையின் ஆண்கள் ஐக்கியத்துக்கு அழைத்துப் போனேன். வேலை போய், மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து மாடியறையை விட்டு இறங்குவதே அபூர்வம். நாலு பேரோடு பழகட்டும் என்று நினைத்தேன்.

ஐக்கியத்தின் தலைவரான தையற்காரர் வழக்கம்போல, "புதுசா வந்தவங்க எழுந்து உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார். மாப்பிள்ளை எழுந்தார். அவருக்குப் பேச்சு திக்கும். பெயரின் முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டது. எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். பொறுக்கமாட்டாமல் நானே பெயரைச் சொல்லிவிட்டேன்.

அவர் வெளியே போய்விட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

"அவர் பேரக்கூட அவரச் சொல்ல விடலையாப்பா?" மகள் இன்று பேசியது அவ்வளவுதான். சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

தையற்கடைக்குப் போனேன். தலைவர் கோபக்காரர். வழக்கத்தை மாற்றச் சொன்னால் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் மெஷினை நிறுத்தினார்.

"நான் முதல்ல வந்தப்போ எனக்கும் கால் வெடவெடன்னு ஆடுச்சு."

"அப்புறம் ஏண்ணே எல்லாரையும் எழுப்பி விடுறீங்க?"

"என்னை எழுப்பினாங்க, நானும் எழுப்பினேன். யாரும் கேக்கலயே, தம்பி."

அப்பாடா. இதற்கா இத்தனை பயந்தேன்?

ஜூன் 12, வியாழன்

தையற்காரர் வீட்டுக்கே வந்தார். "அன்னிக்கு உங்களை எழுப்பி விட்டது என் தப்பு" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, டீ குடித்தபடி ஒழுகும் தன் கூரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்து திக்கினார். எடுத்துக்கொடுக்க நான் வாயைத் திறந்தேன் — தையற்காரர் என் தொடையை அழுத்தினார். காத்திருந்தோம். வாக்கியம் முழுசாக வந்தது.

கிளம்பும்போது மாப்பிள்ளையே கேட்டார்: "ச... சனிக்கிழமை எத்தன மணிக்கு?"

ஜூன் 14, சனி

யாரையும் எழுப்பவில்லை. முதலில் டீ. புதியவர் பக்கத்தில் பழையவர் ஒருவர் உட்காருவது, அவ்வளவுதான் ஏற்பாடு. மாப்பிள்ளை பக்கத்தில் தச்சர் ஒருவர் உட்கார்ந்தார். நான் வேண்டுமென்றே தள்ளிப் போய் உட்கார்ந்தேன். காது மட்டும் அங்கேயே.

ஜூன் 28, சனி

கூட்டம் முடிந்து தனியாகத் திரும்பினேன். மகள் பதறிவிட்டாள்.

"அவர் எங்கப்பா?"

"இன்னிக்குப் புதுசா ஒருத்தர் வந்தாரு. பக்கத்துல உக்காந்து பேச்சு இன்னும் முடியல."

"யாரு பேசுறா?"

"உன் வீட்டுக்காரர்தான்."

எடுத்து வைத்த சாப்பாட்டை, ஆறினால் ஆறட்டும் என்பதுபோல, மெதுவாக மூடி வைத்தாள்.