கொழும்பில் நின்றுபோன வண்டி

அண்ணே,

இன்றைய பேப்பரில் ஒரு படம். ஏதோ ஒரு தீவின் விமான நிலையத்தில் ஜனங்கள் பெட்டியைத் தலைக்கு வைத்துக்கொண்டு தரையில் படுத்திருக்கிறார்கள். ஒரு விமானக் கம்பெனியை இன்னொன்று வாங்கிவிட்டதாம், பழைய டிக்கெட் செல்லாதாம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து அதைப் படித்தபோது எனக்கு உங்கள்மேல்தான் கோபம் வந்தது. நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. கோபம் இன்னும் தீரவில்லை, என்ன செய்ய.

இருபது வருஷம் ஒரே வண்டியில் இருந்தோம். நீங்கள் டிரைவர், நான் கண்டக்டர். காஞ்சிபுரம் ரூட்டில் ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்டியதற்காக, எழுபதுகளின் கடைசியில், முதலாளி நம் இருவரையும் ஒரு வாரம் இலங்கையைச் சுற்றிப் பார்த்துவரச் சொல்லி விமானத்தில் அனுப்பினார். ஐப்பசி மாதம். நாம் திங்கட்கிழமை திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை உங்கள் மகளுக்கு நிச்சயம், மானாம்பதி மாப்பிள்ளை. "பிளேன்ல போயி பிளேன்ல வர்றோம், இன்னா பயம்?" என்று அண்ணியிடம் நீங்கள்தான் பெரிதாகச் சொன்னீர்கள்.

திங்கட்கிழமை கொழும்பில் நம் கம்பெனியின் கவுண்டர் பூட்டிக் கிடந்தது. ஊர் சுற்றிய ஒரு வாரத்துக்குள் அந்தச் சின்னக் கம்பெனி பெரிய கம்பெனியோடு சேர்ந்துவிட்டது. பெரிய கம்பெனிப் பையன் நம் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்கள் டிக்கெட் இல்லையே என்றான். கடல் சரியில்லை என்று ராமேஸ்வரம் கப்பலையும் நிறுத்தியிருந்தார்கள். நம்மைப் போல் முப்பது பேர் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

நீங்கள் முன்னால் போனீர்கள். "தம்பி, வண்டி பிரேக் டவுனாச்சின்னா ஜனங்கள அடுத்த வண்டில ஏத்தி வுடணும். எங்க ரூட்ல அதான் முறை. எடம் இல்லன்னா நின்னுக்கினே வர்றோம்." விமானத்தில் நின்றுகொண்டு வருகிறாராம். அந்தப் பையன் சிரித்துவிட்டான். நானும்தான்.

ஆனால் நீங்கள் விடவில்லை. முப்பது பேரையும் வரிசையில் நிறுத்தி, என்னைப் பெயர் எழுதச் சொல்லி, காலையிலும் மாலையிலும் அந்தக் கவுண்டரில் போய் நின்றீர்கள். நாம் தங்கியிருந்த விடுதிக்கார அம்மா பாதிப் பேருக்குச் சோறு போட்டாள். அவள் அறைகளெல்லாம் காலி. "பிளேன் வராட்டி எங்கட அடுப்பும் எரியாது, இருக்கிறதைச் சாப்பிடுங்கோ" என்றாள். "எல்லாரும் ஏறின பொறவுதான் நான் ஏறுவேன்" என்று அங்கே வைத்து நீங்கள் சொன்னதுதான் வினை.

புதன்கிழமை மாலை அந்தப் பையன் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைக்கு ஒரு சீட் இருக்கிறது, நீங்கள் மட்டும் போங்கள் என்றான். தொல்லை விட்டது என்று நினைத்திருப்பான். நீங்கள் என் பெயரைக் கொடுத்தீர்கள்.

"வண்டி நின்னா கண்டக்டர்தானப்பா போயி தகவல் சொல்லுவான்? டிரைவர் ஜனங்கள வுட்டுட்டுப் போவ முடியுமா? நீ போயி தட்ட மாத்து."

"இது இன்னா உங்க வண்டியா? பெத்தவரு நீங்களா நானா?" என்று கத்தினேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் இடத்தில் உட்கார்ந்து நான்தான் தட்டு மாற்றினேன். பெண்ணின் அப்பா எங்கே என்று சம்பந்தி கேட்டார். சீட் கிடைத்தும் நீங்கள் வரவில்லை என்று சொன்னால் அவர்கள் எழுந்து போயிருப்பார்கள். அதைவிட, உள்ளே நின்றிருந்த பெண்ணின் மனசு என்ன ஆகும்? "சீட்டு எனக்குத்தான் கெடச்சிது, அவருக்குக் கெடைக்கல" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் போன பிறகு அவள் வந்தாள். "எங்க நைனாவ வுட்டுட்டு நீங்க மட்டும் எப்படி ஏறி வந்தீங்க?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எட்டு நாள் கழித்து, முப்பது பேரையும் ஏற்றிவிட்டுக் கடைசி ஆளாக வந்தீர்கள். நான் சொன்ன பொய்யைக் கேட்டதும், நானே அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றீர்கள். கல்யாணம் முடியட்டும் என்று நான்தான் தடுத்தேன். கல்யாணம் முடிந்தது, பேரன் பிறந்தான், சொல்லாமலே போய்விட்டீர்கள்.

நீங்கள் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த முப்பது பேரைக் கேட்டால் சரி என்பார்கள்.

போன மாதம் உங்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி கொடுத்தாள். பேச்சுவாக்கில், "அன்னிக்கு நீங்க அந்த சீட்ட நைனாவுக்கு வுட்டுக் குடுத்திருந்தா, என் தட்டு அவரு கையால மாறியிருக்கும்" என்றாள். இத்தனை வருஷம் கழித்தும் சொல்கிறாள். உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது அண்ணே. எனக்கும் ரோஷம் இருக்கிறது, வலிக்கத்தான் செய்தது.

அப்போதுதான் உங்கள் படத்தில் இருந்த பூவைப் பார்த்தேன். அன்று காலையில் வைத்த பூ. தினமும் வைக்கிறாளாம்.

காப்பியைக் குடித்தேன். "தப்புதாம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.