இறைச்சிக்கூடம் என்று ஒரு உரிமம்

அன்பு மகளுக்கு,

ஆட்டு இரத்தத்திலிருந்து நோய்ப் பரிசோதனைக்கான சீரம் பிரிக்கிறோம் என்று எத்தனை முறை எழுதிக் கொடுத்தும், நகராட்சிக்கு நம் ஆய்வகம் இறைச்சிக்கூடம்தான். "ரத்தம்னா எங்க பட்டியல்ல அந்த ஒரு இனம்தான் சார் இருக்கு" என்கிறார் வரி எழுத்தர். கட்டணமும் நான்கு மடங்கு.

"கட்டிட்டு வேலையைப் பாப்போம்ப்பா" என்று நீ கெஞ்சினாய். புத்தகம் படித்தே தொழில் கற்றவன் நான்; பொய்யில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். உரிமம் போயிற்று. பட்டியலில் ஆய்வகத்துக்கென்று தனி இனம் இருக்கும் பக்கத்து ஊருக்குக் குளிர்பெட்டிகளோடு நீ போனபோது நான் வாசல் வரைகூட வரவில்லை.

இப்போது சீரம் பிரித்த மேசையிலேயே சாப்பிடுகிறேன். "இங்க சாப்பிடக் கூடாதுன்னு எத்தனை தடவைப்பா சொல்றது" என்று அதட்ட ஆளில்லை.

நேற்று நகராட்சிக்குப் போனேன்.

"என்ன சார், கறிக்கடை திறக்கறீங்களா?" என்று எழுத்தர் சிரித்தார்.

"ஆமாய்யா, படிவத்தைக் குடு" என்றேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். தோற்றுவிட்டேன் என்று நினைக்காதே. பட்டியலைத் திருத்தச் சொல்லிப் புதிதாக ஒரு மனுவும் கொடுத்திருக்கிறேன்.

உரிமத்தில் உன் பெயரைச் சேர்க்கவில்லை. கறிக்கடைக்காரன் நான் மட்டும்தான். நீ விஞ்ஞானியாகவே திரும்பி வரலாம்.

உன் வருகைக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கும்,
அப்பா