ஒரு ராத்திரி தூங்கிய ஊர்

அன்பு மகளுக்கு,

வீட்டை விற்று வாங்கி, நாங்கள் குடியிருந்தே ஊர் ஊராகச் சுற்றிய இந்த வண்டியை இனியாவது விற்றுவிடச் சொல்கிறாய். விற்கவில்லை.

அரிசோனாவில் உன் அப்பா இரும ஆரம்பித்ததுமே டாக்டரிடம் போகலாம் என்றேன். வேலையை விட்டபின் நாங்களே அலைந்து எடுத்த இன்சூரன்ஸ், விலாசம் உள்ள மாநிலத்தில்தான் செல்லும். விலாசமோ, வரி குறைவென்று தெற்கு டகோட்டாவில் எடுத்த வெறும் தபால் பெட்டி.

"குளிர் போகட்டும், நம்ம ஊர்லயே காட்டிக்கலாம்," என்றார்.

"எது நம்ம ஊரு? அங்க என்னிக்கு இருந்தோம்?"

"லைசென்சு எடுக்க ஒரு ராத்திரி தூங்கினோமே! அந்த ஊர்க்காரன்னு சொல்லிக்க அது போதுமாம்."

பனி உருகியதும் இங்கே டகோட்டாவுக்கு வந்தோம். நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர், "ஏன் முன்னாடியே வரல?" என்றார். "ரோடெல்லாம் பனி, டாக்டர்," என்று சிரித்தார் உன் அப்பா. இன்சூரன்ஸ்காரர்கள் எதையும் மறுக்கவில்லை.

பக்கத்து வண்டி லொரேட்டா, ஓட்டக் கற்றுத்தருகிறேன் என்கிறாள். கற்றுக்கொண்டு எங்கே போவேன்? ஒரு ராத்திரி போதும் என்றவர் இப்போது எல்லா ராத்திரியும் இங்கேதான் தூங்குகிறார். நானும் இந்த ஊர்க்காரிதான்.

வரும்போது அவருக்குப் பூ வாங்கி வா. கல்லறைப் பக்கம் காற்று அதிகம், தொட்டியோடு வாங்கு.

அம்மா