மருந்துப் பம்பில் அடித்த பச்சை

1. இதை எழுதும் நான் போடிநாயக்கனூரில் வழக்கறிஞராகத் தொழில் செய்பவன். உன்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். பிற்காலத்தில் உன் வழக்கில் உனக்காக ஆஜரானவன்.

2. இதைப் பெற வேண்டிய நீ, போடியிலிருந்து போடிமெட்டுக்கும் அதற்கு அப்பாலுள்ள தோட்டங்களுக்கும் ஜீப் ஓட்டியவன். சென்ற ஆண்டு மஞ்சள் காமாலையில் காலமானவன். ஆகவே இது உன் கைக்கு வந்து சேராது என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

3. இதில் கூறியிருப்பவை நான் நேரில் கண்டவையும் கேட்டவையும் மட்டுமே.

ஓர் எல்லைத் தகராறு தொடர்பாக நிலத்தைப் பார்வையிட, சென்ற வாரம் குரங்கணிக்கு மேலே போயிருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் ஏலச்செடிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று திரும்பியபோது அந்த வாடை வந்தது. உடன் வந்தவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு உன் ஜீப் நினைவுக்கு வந்தது. பூச்சிமருந்துக்கும் ஜீப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவருக்கு விளக்கம் தேவைப்படும் என்பதால், நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எழுபதுகளின் பிற்பகுதி. மாலையில் தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்டிலிருந்து இறங்கும்போது, ஒரு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. நீ வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப்பக்கம் திருப்பி, ஓரத்து வாய்க்காலில் இறக்கிச் சாய்த்தாய். உயிர்ச்சேதம் இல்லை. பேச்சியம்மாளுக்கு மட்டும் வலது மணிக்கட்டு முறிந்தது. அவர் கங்காணி அல்ல. ஆனாலும் அவர் ஏறினால்தான் மற்ற பெண்கள் ஏறுவார்கள். அஜாக்கிரதையாக ஓட்டியதாக உன் மீது வழக்குப் பதிவானது.

என் அறைக்கு வந்து நீ சொன்ன முதல் செய்தி, பிரேக் இளகியிருந்தது உனக்கு முன்பே தெரியும் என்பதுதான். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். பிரேக் திடீரென்று போனது என்றால் அது வாதம். தெரிந்தே ஓட்டினேன் என்றால் அது ஒப்புதல். அதற்கு மேல் நிரூபிக்க எதிர்த்தரப்புக்கு ஒன்றும் இருக்காது, சிறைக்கும் இடமுண்டு, எனவே வழக்கு முடியும்வரை பிரேக்கைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதே என்றேன். சட்டப்படி அது சரியான யோசனை. இன்றும் அதையே சொல்வேன்.

வண்டி திரும்பக் கைக்கு வந்த பிறகும் பெண்கள் அதில் ஏறவில்லை. அந்தச் சாம்பல் நிறத்தைக் கண்டாலே ஒதுங்கி நின்று வேறு ஜீப்புக்குக் காத்திருந்தார்கள். காலி ஜீப்பை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது. நிறத்தை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தாய். பட்டறையில் விட வசதியில்லை, வீட்டு வாசலிலேயே அடித்துக்கொள்கிறேன் என்றாய். பதிவுப் புத்தகத்தில் சாம்பல் என்றிருக்கிறது, மாற்றினால் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நான் சொன்னேன்.

"மாப்ளே, பொண்டாட்டி சேலை மாத்துனாக்கூட மனுப் போடச் சொல்லுவ போலயே" என்றாய். மனுவை நானே எழுதினேன், நீ கையெழுத்திட்டாய்.

உப்புத்தாளை நனைத்து நனைத்துப் பழைய பெயிண்டைத் தேய்த்தாய். ஒடுங்கிய இடங்களில் பட்டி பூசி இழைத்தாய். கண்ணாடிகளிலும் விளக்குகளிலும் பழைய செய்தித்தாளை ஒட்டினாய். தெருப்புழுதி படியாமலிருக்க, உன் மனைவியின் சேலைகளைக் கொடிகட்டிச் சுற்றிலும் தொங்கவிட்டாய். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரஷ்ஷில் அடித்தால் கோடு தெரியும் என்று, தெரிந்த தோட்டத்திலிருந்து ஏலத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்பை இரவல் வாங்கி வந்ததுதான் தவறு.

"மண்ணெண்ண ஊத்திக் கழுவிட்டேன் மாப்ளே. மோந்து பாரு, சாமி சொம்பு மாதிரி இருக்கு."

நான் முகரவில்லை. அதன் குழாயில் எத்தனை பருவத்து மருந்து ஊறியிருந்ததோ, பச்சைப் பெயிண்ட் பானட்டில் விழுந்ததும் ஒட்டாமல் விலகி, அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாகத் திறந்துகொண்டது. அதைத் தேய்த்துவிட்டுப் பிரஷ்ஷாலேயே அடித்தாய். கோடுகள் தெரிந்தன. குழிகளும் முழுதாக மறையவில்லை. வெயில் ஏறினால் வண்டியிலிருந்து பூச்சிமருந்து வாடை கிளம்பியது.

பெயிண்ட் காய்ந்ததும், ஒரு காலை ஜீப்புகள் புறப்படும் இடத்துக்கு அதைக் கொண்டுபோனாய். நானும் வந்திருந்தேன். பேச்சியம்மாள், கட்டுப் பிரித்த கையை மற்றக் கையால் தாங்கியபடி, வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பானட்டருகே குனிந்து முகர்ந்தார்.

"என்னப்பு, செடிக்கு அடிக்கிறத வண்டிக்கு அடிச்சிருக்க? இதுலயும் பூச்சி விழுந்திருச்சா?"

பெண்கள் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அவர் மட்டும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"கலரு கெடக்கட்டும். பிரேக்கு அன்னைக்குத்தான் போச்சா, முன்னாடியே ஒனக்குத் தெரியுமா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தலையசைத்தேன், வேண்டாம் என்பது அதன் பொருள். திடீரென்று போனது என்ற ஒரு வார்த்தை போதும், வழக்கு நிற்கும். அங்கே நின்றிருந்தவர்கள் அத்தனை பேரும் சாட்சிகள்.

"தெரியும் ஆத்தா. தெரிஞ்சேதான் ஓட்டுனேன். இப்ப புதுசு போட்டுட்டேன். கையில இருந்ததெல்லாம் பிரேக்குக்கே போயிருச்சு. அதான் பெயிண்ட நானே அடிச்சேன்."

பட்டறைக்கு வசதியில்லை என்று நீ சொன்னதன் முழுக் காரணம் அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. பிரேக்கைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதே என்று நான் சொல்லியிருந்தேன். அந்த ‘யாரிடமும்’ என்பதில் என்னையும் சேர்த்துக்கொண்டிருக்கிறாய்.

பேச்சியம்மாள் உடனே ஏறவில்லை. வண்டியை ஓட்டி, நிறுத்திக் காட்டச் சொன்னார். மறுபடியும் காட்டச் சொன்னார். பிறகு முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, "வெரசா எடு, சோலிக்கு நேரமாச்சு" என்றார். மற்றவர்கள் பின்னால் ஏறினார்கள்.

விசாரணையில் அவர் உள்ளதை உள்ளபடியே சொன்னார்: தெரிந்தே ஓட்டியதாக நீ சொன்னதையும், புதிது போட்டதையும். குறுக்கு விசாரணையில் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை. அபராதத்தோடு விட்டார்கள். பிரேக்கை மாற்றியதை நீதிபதி கருத்தில் கொண்டாரா என்பது தீர்ப்பில் இல்லை. அதைப் பற்றி நான் எதுவும் கூறுவதற்கில்லை. வெளியே வந்து, "வீட்டுக்குத்தானே ஆத்தா, ஏறு" என்றாய். உனக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் உன் ஜீப்பிலேயே வீடு போய்ச் சேர்ந்தார்.

இப்போது உன் மகன் அதைப் பட்டறையில் விட்டு வெள்ளை அடித்திருக்கிறான். பானட் வழவழப்பாக இருக்கிறது. வாடை இல்லை.

கட்சிக்காரர் தம் தவற்றைச் சொல்லத் தொடங்கினால் நான் இன்றும் எழுந்து கதவைச் சாத்துகிறேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றே சொல்கிறேன். அதன் பிறகு, முன்பெல்லாம் கேட்காத ஒன்றையும் கேட்கிறேன்: அதைச் சரி செய்துவிட்டீர்களா? வழக்குக்கு அந்தப் பதில் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. தெரிந்துகொள்ளாமல் வழக்கை எடுக்க முடியவில்லை.

இதைப் பேச்சியம்மாளிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு ஒரு திருத்தம் சொன்னார். "நான் நிறுத்திக் காட்டச் சொன்னது சமதரையில இல்ல வக்கீலய்யா, எறக்கத்துல. அத எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
சு. இராமலிங்கம்,
வழக்கறிஞர், போடிநாயக்கனூர்.

சாட்சிகள்:
1. பேச்சியம்மாள் (இடது கைப் பெருவிரல் ரேகை)
2. சுருளிவேலு, குமாஸ்தா