ஊரப்பாக்கத்தில் பதினோரு இஸ்திரி வண்டிகள்

மச்சான், இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். இன்று காலை ஊரப்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கினேன். இஸ்திரிக் கரியின் வாசனை மூக்கில் ஏறியது. தெருவுக்குத் தெரு வண்டிகள். உன் மேல் இருந்த கோபமும் கூடவே ஏறியது. நீ செத்து ஒரு வருஷம் ஆகிறது. அது இன்னும் சாகவில்லை.

நீ கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன், நான் ஒன்பதாவதோடு நின்றவன். வரைபடத்தில் தாம்பரம் ஸ்டேஷன் மேல் காம்பஸ் முள்ளைக் குத்தி வட்டம் வட்டமாகப் போட்டாய். உள்ளே வளர்ச்சி அதிகம், வெளியே போகப் போகக் குறையுமாம்.

"வளர்ச்சி இன்னா கல்லு வுட்ட குளமா மச்சான்? அது ரோட்டைப் புடிச்சுக்கினு தாவித் தாவிப் போவும். இஸ்திரி வண்டியை எண்ணு. மடிப்பு கலையாம ஆபீஸ் போறவன் எங்க குடி வந்தானோ, அங்கதான் வண்டி நிக்கும்" என்றேன்.

"மாப்ளே, டெல்லியில உங்களைத்தான் தேடிக்கிட்டு இருக்காங்க" என்று சிரித்தாய். உன் தங்கை, என்னைக் கட்டிக்கொண்டவள், அவளும் சிரித்தாள். டெல்லியிலிருந்து இரண்டு பேர் நிஜமாகவே வந்தார்கள். நான்தான் பார்க்க மறுத்துவிட்டேன்.

மறுவாரமே நோட்டைக் கொடுத்து என்னை எண்ண அனுப்பினாய். பல்லாவரம், மேடவாக்கம் என்று வெயிலில் அலைந்தேன். ஒரு வண்டிக்காரர், "இன்னா சார், பஞ்சாயத்து ஆளா? வண்டியை எடுக்கச் சொல்லுவியா?" என்று மிரண்டார். ஆராய்ச்சி என்றேன். "அது கெடக்கட்டும், துணி எதுனா கீதா?" என்றார்.

கட்டுரை வரைபடத்தோடு அச்சானது. வண்டி அதிகமுள்ள ஊருக்குப் பெரிய புள்ளி. உன் வட்டங்களுக்கு வெளியே ஊரப்பாக்கம் மட்டும் தக்காளி மாதிரி சிவந்து நின்றது. அந்த ஒரு புள்ளியை வைத்துத்தான், வளர்ச்சி தாவுகிறது என்று எழுதினாய். என் வாயிலிருந்து வந்த வார்த்தை. என் பெயர் அடிக்குறிப்பில்கூட இல்லை. திருடன் நீ.

கல்லூரிக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "ஊரப்பாக்கம் கணக்கு இடிக்குதே சார், நம்பலாமா?" என்று கேட்டார். கடைசி வரிசையில் இருந்த என்னைக் காட்டி, "எண்ணினது எங்க மாப்ளே. வாய்தான் நீளம், எண்ணிக்கையில பொய் வராது" என்றாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் இன்னும் என் கழுத்தில் கனக்கிறது. அதற்காகவும் உன்னை மன்னிக்க மாட்டேன்.

இன்று எண்ணினேன்: பதினான்கு வண்டிகள். அன்று நான் எழுதிக் கொடுத்தது பதினொன்று. ஜெயித்தது நான்தான்.

அன்றைக்கு மழை, மச்சான். தாம்பரம் ஸ்டேஷன் டீக்கடையில் உட்கார்ந்தபடியே பதினொன்று என்று எழுதினேன். ஊரப்பாக்கத்தில் நான் கால் வைத்தது இன்றைக்குத்தான்.