அக்கரைக்குப் போன வஞ்சிரம்

வைத்திக்குப்பம், புதுச்சேரி
மாசி மாசம், 1957

சைகோன்ல இருக்கிற என் மவன் உத்திராபதிக்கு உங்கம்மா வீராயி சொல்லச் சொல்ல எதிர்வீட்டு சுலோசனா எழுதுறது. இங்க நானும் ரெண்டு பொட்டைக்கோழியும் சொகம், அங்க நீயும் உன் நெத்திக்கு மேல மிச்சமிருக்கிற முடியும் சொகமா இருக்க அங்காளம்மா காப்பாத்தணும்.

உங்கப்பா கருமாதி முடிஞ்சுது, நீ இல்லாததுதான் கொறை, சாம்பார்லயும் உப்பு தூக்கல், அது கெடக்கட்டும். சனிக்கிழமையானா நல்ல வஞ்சிரமா பாத்து ஓலைக்கூடையில வெச்சுக்கிட்டு அரியாங்குப்பம் போவாரே, ஞாபகம் இருக்கா? ஆத்தங்கரை ஊருக்கே மீன் கொண்டுபோன மனுசன் அவரு ஒருத்தர்தான். கேட்டா சிநேகிதனுக்குன்னுவாரு. அக்கரைக்கு வஞ்சிரம், எனக்குக் கவலை. பொடி மீனைத்தான் சொல்றேன், சுலோசனா சிரிக்கிறா.

கருமாதி அன்னிக்கு அக்கரையிலேருந்து சொர்ணம்னு ஒரு பொம்பள வந்து நின்னா. இவ என்ன மொறை சொல்லி ஒப்பாரி எடுக்கப்போறான்னு கேக்க பொம்பளைங்கல்லாம் அழுவறதை நிறுத்திட்டாங்க. ‘தாலி கட்டின ராசாவே’ன்னு எடுத்தாள்னா நான் தொலைஞ்சேன். அவ என் கழுத்தைக் கட்டிக்கிட்டு, ‘என்கூடப் பொறந்த பொறப்பே’ன்னா. எழவு வீட்டுல நான் சிரிச்சுட்டேன்டா மவனே.

உங்கப்பா தேவனாம்பட்டினத்துலேருந்து வீட்டோட வந்த மாப்பிள்ள, அவங்க பக்கத்து சங்கதி இங்க யாருக்குத் தெரியும். தங்கச்சி காலராவுல போயிட்டாள்னுதான் எங்கிட்ட சொன்னாங்க. அவ மில்லுக்காரன் ஒருத்தனோட சாதி விட்டுப் போனவளாம், அவ பேரை எடுக்கமாட்டேன்னு உங்கப்பாவைப் பெத்த ஆயா சத்தியம் வாங்கிக்கிச்சாம். சத்தியத்தைக் காப்பாத்திட்டாரு, பேரை எடுக்கல, மீனைத்தான் எடுத்துக்கிட்டுப் போனாரு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கொழம்பு வெச்சு அனுப்பியிருப்பேன். சனிக்கிழமைக்கு சனிக்கிழமை மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தேன், இப்ப யாருகிட்ட போய் எறக்கறது? அதான் மீனை இப்ப நானே கொண்டுபோறேன்.

அது கெடக்கட்டும், போன தடவை நீ அனுப்புன போட்டோவுல பின்னாடி நாற்காலியில ஓரத்துல லேசுப் பின்னல் வெச்ச கொடை ஒண்ணு கெடக்குதே? மழையில நனைஞ்சா தலைகூடத் தொவட்டமாட்டே, உனக்கு எதுக்கு லேசு கொடை? அவ எந்த ஊரு, எந்த சாமின்னு நான் கேக்கல, மீன் தின்னுவாளான்னு மட்டும் எழுது. நான் போனப்புறம் அவ வந்து ‘என் அத்தையே’ன்னு ஒப்பாரி வெச்சா எனக்குக் கேக்காது. காது இருக்கறப்பவே ஒரு தடவை கூப்பிடச் சொல்லு.

சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளி. அடுத்த போட்டோவுல கொடையோட, அதைப் புடிச்ச கையும் வரட்டும். ரெண்டு பேரும் நல்லா இருங்க.

உன் அம்மா
வீராயி கைநாட்டு