அமைச்சரின் கோட்டுப் பைகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நம் உள்நாட்டுப் போரை நிறுத்துவதாகச் சொல்லிக் குண்டு போட விமானம் அனுப்பினாரே இந்த நாட்டு அமைச்சர், அவருடைய கோட்டு எங்கள் தையல் கடைக்கு வந்தது. "உங்க ஊருக்கு அமைதி கொண்டுவர்றவரு, பாத்துத் தை" என்றார் முதலாளி.

"அவரை யாரு கூப்பிட்டா?" என்றேன்.

"உனக்கெதுக்கு அரசியல்?" என்று வாயை அடைத்துவிட்டார்.

அந்த அமைச்சர் எப்போதும் கோட்டுப் பையில் கைவிட்டுக்கொண்டுதான் பேசுவார். இரண்டு பைகளையும் நெருக்கித் தைத்து மூடிவிட்டேன். இன்னும் படை அனுப்புவோம் என்று தொலைக்காட்சியில் முழங்கியவர், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார். கடையில் நான் மட்டும் சிரித்தேன். சேர்ந்து சிரிக்க நம் ஆள் ஒருவரும் இல்லை.

பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. கவனக்குறைவு என்று சமாளித்துவிட்டேன். அவருக்குப் புதுக் கோட்டே தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். தைக்கப்போவது நான்தான்.

குண்டு விழுந்த அன்று, நான் தைத்த சட்டைப் பையை வைத்துத்தானே அண்ணன் உடலை அடையாளம் கண்டீர்கள்? அந்தச் சட்டையை அனுப்புங்கள். அதைப் புதுக் கோட்டின் நெஞ்சுப் பக்கம், உள்துணிக்கு அடியில் வைத்துத் தைக்க வேண்டும்.

முதலாளி கூப்பிடுகிறார். சட்டையைத் துவைத்துவிடாதீர்கள்.

உங்கள் சின்ன மகன்